எக்ஸ்பி வி.எம்முக்குள் லேசர்ஜெட் 1020: பேஜ்மேக்கரில் இருந்து பிரிண்ட் எடுக்க வழி சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் டிடிபி:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, மாசி மக நோட்டீஸ், இதுதான் தொழில். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டது. அந்தப் போர்டு இனி கிடைக்காது என்று சர்வீஸ்காரர் கையை விரித்துவிட்டார்.

விண்டோஸ் 11 போட்ட புது மெஷின் வாங்கியாயிற்று. ஆனால் என் ஃபைல்கள் அத்தனையும் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. அதற்காக, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (வி.எம்., அதாவது விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ளே எக்ஸ்பி ஏற்றி, பேஜ்மேக்கரும் போட்டுவிட்டேன். அதெல்லாம் நன்றாக ஓடுகிறது. பிரிண்டரில்தான் மாட்டிக்கொண்டேன்.

என்னிடம் இருப்பது ஹெச்.பி. லேசர்ஜெட் 1020. விண்டோஸ் 11-இல் நேராக அச்சடிக்கிறது. வி.எம்மின் டிவைசஸ் மெனுவில் யு.எஸ்.பி. என்ற இடத்தில் டிக் போட்டால் எக்ஸ்பிக்குள் வருகிறது, அங்கும் அச்சடிக்கிறது. ஆனால் கரண்ட் ஒரு முறை கண் சிமிட்டினால் போதும், பிரிண்டர் திரும்ப விண்டோஸ் 11 பக்கம் ஓடிவிடுகிறது. மறுபடி டிக் போடப் போனால் சில நேரம் ‘சாதனம் முந்தைய வேலையில் இருக்கிறது, பிறகு முயலவும்’ என்கிற பொருளில் ஒரு செய்தி. அப்படியே வந்தாலும் எக்ஸ்பியில் ‘காப்பி 1’ என்று இன்னொரு பிரிண்டர் முளைக்கிறது. பேஜ்மேக்கர் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆவணி முகூர்த்தம் வருகிறது. டிரேசிங் பேப்பரில் மாஸ்டர் (அச்சுக்கான மூலப்படி) எடுத்துக் கொடுத்தால்தான் ஸ்கிரீன் பிரிண்டிங்காரர் வேலையை ஆரம்பிப்பார். யாராவது உதவுங்கள்.

திருப்பாப்புலியூர் ஸ்டேஷனரி:

அண்ணே, இவ்வளவு சிரமம் எதற்கு? புது வைஃபை பிரிண்டர் ஒன்று வாங்கிப் போட்டு, ஃபைலையெல்லாம் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் டிடிபி:

தம்பி, யுனிகோடுக்கு எழுத்தை மாற்றுவது ஒரு நொடி வேலை. ஆனால் மாற்றியதும் வரி உடையும் இடம் மாறும், பார்டர் நகரும், மணமக்கள் பெயர் இரண்டு வரியாகும். ஒவ்வொரு பத்திரிகையையும் மறுபடி கட்ட வேண்டும். வருடா வருடம் அதே திருவிழா நோட்டீஸில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன். அதைத் திரும்ப உட்கார்ந்து செய்ய முடியாது.

பிரிண்டர் விஷயமும் அப்படித்தான். 1020-க்கு 12ஏ டோனர். லாரன்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் ரீஃபில் பண்ணித் தருவார்கள். டிரேசிங் பேப்பரை மடிக்காமல், சுருட்டாமல் இழுக்கிறது. நன்றாக இருக்கிற பிரிண்டரைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

லாஸ்பேட்டை லேப்:

வணக்கம் சார். புதுச்சேரியில் கல்லூரி லேப் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன், பழைய பிரிண்டர்களுடன்தான் தினமும் பழக்கம். தூக்கிப்போட வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரியானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வி.எம்மில் பிரிண்டர் என்றாலே எல்லோரும் யு.எஸ்.பி. டிக்கில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பிரிண்டருக்கு என்ன மொழி புரியும்? போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பி.சி.எல். என்ற பொதுவான பிரிண்டர் மொழி புரிகிற பிரிண்டர் என்றால் எந்த வி.எம்மில் இருந்தும், ஏதோ ஒரு பொது டிரைவர் போட்டு அச்சடித்துவிடலாம். டாட் மேட்ரிக்ஸ் என்றால் வெறும் எழுத்தை அனுப்பினாலே அடிக்கும். 1020 இந்த இரண்டு ரகமும் இல்லை. பக்கத்தை முழுப் படமாக வரைந்து முடிக்கிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்து, அந்தப் படத்தை 1020-க்கே உரிய வடிவில் பிரிண்டருக்கு அனுப்புகிறது. அதனால் அதன் சொந்த டிரைவர் இல்லாமல் ஒரு வரிகூட வராது.

இன்னொன்றும் இருக்கிறது. 1020 தன்னை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருளை உள்ளே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் அதை அனுப்ப வேண்டும். ஆக, கரண்ட் போய் வந்த நொடியில் பிரிண்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதை எழுப்ப வேண்டும். உங்கள் மெஷினில் விண்டோஸ் 11-லும் அதன் டிரைவர் இருக்கிறது, எக்ஸ்பியிலும் இருக்கிறது. நடுவில் நீங்கள் கையால் டிக் போட்டு இழுக்கிறீர்கள். ‘முந்தைய வேலையில் இருக்கிறது’ என்று வருவது அந்த இழுபறியால்தான். யு.எஸ்.பி. பாஸ்த்ரூ, அதாவது சாதனத்தை வி.எம்மிடம் ஒப்படைப்பது, வீட்டுச் சாவி மாதிரி, ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும்.

வழி இரண்டு. ஒன்று, சாவியை நிரந்தரமாக எக்ஸ்பியிடம் கொடுத்துவிடுவது. இரண்டு, எக்ஸ்பிக்குப் பிரிண்டரே வேண்டாம் என்று முடிவு செய்வது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் முகூர்த்தம் நெருங்குகிறது என்கிறீர்களே, முதலாவதை இன்றைக்கே முடித்துவிடலாம்.

வி.எம்மை முழுவதுமாக ஷட்டவுன் செய்யுங்கள், சேவ் ஸ்டேட் போதாது. செட்டிங்ஸில் யு.எஸ்.பி. பக்கம் போய் 2.0 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுங்கள். 3.0 வேண்டாம், எக்ஸ்பியில் அதற்கு டிரைவரே கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முந்தைய பதிப்பு என்றால் 2.0 வேலை செய்ய எக்ஸ்டென்ஷன் பேக் தனியாகப் போட வேண்டும். 7.0 முதல் அது உள்ளேயே இருக்கிறது.

அடுத்தது ஃபில்டர், எந்தச் சாதனம் தானாக வி.எம்முக்குப் போக வேண்டும் என்று சொல்லும் விதி. அதே பக்கத்தில் ப்ளஸ் குறி போட்ட ஐகானை அழுத்தினால் பட்டியலில் 1020 தெரியும், சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்ததைத் திறந்து வெண்டார் ஐடி, ப்ராடக்ட் ஐடி இரண்டை மட்டும் விட்டுவிட்டு, ரிவிஷன், போர்ட், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் காலியாக்குங்கள். அவை நிரம்பி இருந்தால் கேபிளை வேறு துளையில் செருகினால்கூட ஃபில்டர் ‘இது வேறு ஆள்’ என்று விட்டுவிடும். காலியாக இருந்தால் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும்.

ஃபில்டர் போட்டபின் வரிசை முக்கியம். முதலில் வி.எம்மை ஓடவிடுங்கள், எக்ஸ்பி டெஸ்க்டாப் வந்த பிறகு பிரிண்டர் ஸ்விட்சைப் போடுங்கள். வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக வந்து சேரும் சாதனத்தை ஃபில்டர் தானாகப் பிடிக்கும். விண்டோஸ் 11-இல் இருக்கும் 1020 பிரிண்டரையும் இப்போதைக்கு நீக்கிவிடுங்கள், அதன் வரிசையில் ஏதாவது வேலை தொங்கிக்கொண்டிருந்தால் மறுபடி இழுபறிதான்.

எக்ஸ்பியில் உள்ள ‘காப்பி 1’ எல்லாவற்றையும் அழித்துவிட்டு, டிரைவரை மறுபடி போடுங்கள். 1020-க்கு டிரைவர் முதலில், கேபிள் பிறகு. ஒரே யு.எஸ்.பி. துளையில் கடைசிவரை வைத்திருங்கள்.

மஞ்சக்குப்பம் டிடிபி:

அக்கா, ரொம்ப நன்றி. மதியம் செய்து பார்க்கிறேன். அந்த விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் அடியில் பச்சை ஆமை படம் ஒன்று தெரிகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

லாஸ்பேட்டை லேப்:

உண்டு. விண்டோஸ் 11-இன் சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி பின்னணியில் ஓடுகிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அந்த ஆமை. மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருந்தாலும் அப்படி வரும். பேஜ்மேக்கருக்கு அந்த வேகமே தாராளம். பெரிய படம் வைத்த பக்கம் நடுவில் நின்றால் மட்டும் யோசிக்கலாம். பாதுகாப்பை அணைத்துத்தான் வேகம் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பண்ருட்டி மண்டி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பண்ருட்டியில் முந்திரி மண்டியில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் பில் புரோகிராம் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியது. பிரிண்டர் டி.வி.எஸ். எம்.எஸ்.பி. 240 டாட் மேட்ரிக்ஸ், மூன்று காப்பி கார்பன் பேப்பர் ஓட்ட வேண்டும். புது கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட் இல்லை. யு.எஸ்.பி.-டு-பேரலல் கேபிள் வாங்கினேன். நானும் எக்ஸ்பி வி.எம்தான் வைத்திருக்கிறேன். நோட்பேடில் இருந்து அடிக்கிறது, பில் புரோகிராமில் இருந்து ஒன்றும் வரவில்லை. கேபிள் பழுதா?

லாஸ்பேட்டை லேப்:

கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, நோட்பேடில் அடிக்கிறதே. அந்தக் கேபிள் உங்களுக்கு எல்.பி.டி.1 என்ற பேரலல் பிரிண்டர் போர்ட்டை உருவாக்கித் தராது. விண்டோஸுக்கு அது யு.எஸ்.பி.001 என்ற பெயரில்தான் தெரியும். டாஸ் புரோகிராமுக்கோ எல்.பி.டி.1-ஐத் தவிர வேறு உலகம் தெரியாது. இரண்டையும் இணைத்துவிட வேண்டும்.

எக்ஸ்பிக்குள் எம்.எஸ்.பி. 240-ஐ ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரில் போடுங்கள். டாஸ் புரோகிராம் தானே கட்டளைகளையும் சேர்த்து அனுப்புவதால் டிரைவர் குறுக்கே வராமல் இருப்பதுதான் நல்லது. பிரிண்டரை ஷேர் செய்து சின்னதாக, இடைவெளி இல்லாத பெயர் கொடுங்கள். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டில் ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்.பி.டி.1-ஐ அந்த ஷேர் பெயரோடு கட்டிவிடுங்கள். கட்டளையின் கடைசியில் பெர்சிஸ்டென்ட் யெஸ் என்று சேர்த்தால் ரீபூட் ஆனாலும் நிலைக்கும். தன் கம்ப்யூட்டரின் ஷேரைத் தானே கூப்பிடுகிற ஏற்பாடுதான் இது. ஆனால் வி.எம்மில் நெட்வொர்க் கார்டு ஒன்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ‘நெட் யூஸ்’ பிழை காட்டும்.

இவ்வளவும் ஓடுவதற்குக் காரணம் உங்கள் எக்ஸ்பி 32-பிட் என்பதுதான். 64-பிட் விண்டோஸ் எதிலும் 16-பிட் டாஸ் புரோகிராம் ஓடாது, விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. அதனால் அந்த வி.எம்மைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டி மண்டி:

வந்துவிட்டது அம்மா! ஆனால் பில் போட்டதும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் ஊசி ஓட ஆரம்பிக்கிறது. எதிரே வியாபாரி நிற்கிறார்.

லாஸ்பேட்டை லேப்:

டாஸ் புரோகிராம் போர்ட்டை மூடினேன் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. இன்னும் ஏதாவது வருமோ என்று எக்ஸ்பி காத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் எல்.பி.டி. டைம்அவுட் என்று ஒரு மதிப்பு இருக்கும், வழக்கமாக 15 நொடி. கன்ட்ரோல் என்ற கிளைக்குள் வாவ் (WOW) என்ற இடத்தில் தேடுங்கள். 2 அல்லது 3 ஆகக் குறைத்து ரீபூட் செய்யுங்கள். ரொம்பக் குறைத்தால் நீளமான பில் நடுவில் இரண்டாக உடையும், அதனால் 3-இல் ஆரம்பியுங்கள்.

முத்தியால்பேட்டை லினக்ஸ்:

எனக்கு நிலைமை தலைகீழ். ஹோஸ்ட் (வி.எம்மைத் தாங்கும் வெளி சிஸ்டம்) உபுண்டு லினக்ஸ், பிரிண்டர் கேனான் எல்.பி.பி. 2900. கேப்ட் என்று அதற்கே உரிய நெறிமுறை, லினக்ஸுக்கு வந்த பழைய டிரைவர் இன்றைய பதிப்புகளில் லேசில் உட்காராது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 7 வைத்துப் பிரிண்டரை அதற்குள் விட்டிருக்கிறேன். லினக்ஸ் ஹோஸ்டில் இருப்பவர்களுக்காக இரண்டு விஷயம் சேர்க்கிறேன், அக்கா சொன்னதில் இது வரவில்லை.

யு.எஸ்.பி. பட்டியலே காலியாகத் தெரிந்தால் உங்கள் பயனர் கணக்கு விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் இல்லை என்று அர்த்தம். சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள், டெர்மினலை மூடித் திறந்தால் மட்டும் போதாது. பட்டியலில் இருந்தும் பிடிக்க முடியவில்லை என்றால் ஹோஸ்டில் கப்ஸ் என்ற அச்சுச் சேவை அதற்கு ஒரு வரிசையை உருவாக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்த வரிசையை நீக்குங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் வெர்ட்-மேனேஜர் என்ற லினக்ஸ் வி.எம். மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பஸ் எண், டிவைஸ் எண் வைத்துப் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். டிவைஸ் எண் ஒவ்வொரு முறை செருகும்போதும் மாறும்.

லினக்ஸ் பக்கம் இருந்து அச்சடிக்க ஒரு ஷேர்டு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். அதில் பி.டி.எஃப். போட்டால், உள்ளே விண்டோஸ் 7-இல் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் எடுத்து அச்சடித்துவிட்டு ஃபைலை நகர்த்திவிடும். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

மஞ்சக்குப்பம் டிடிபி:

அக்கா, ஃபில்டர் போட்டுவிட்டேன். பிரிண்டரை வேண்டுமென்றே அணைத்துப் போட்டுப் பார்த்தேன், நேராக எக்ஸ்பிக்கே வருகிறது. காப்பி 1 தொல்லையும் இல்லை. இன்று ஒரு வளைகாப்புப் பத்திரிகை மாஸ்டர் எடுத்துக் கொடுத்தாயிற்று.

ஆனால் பகலில் ஜெராக்ஸ், ஆதார் பிரிண்ட் என்று வருகிறவர்களுக்கு விண்டோஸ் 11-இல் இருந்துதான் அடிக்க வேண்டியிருக்கிறது. இப்போது பிரிண்டர் எக்ஸ்பி கையிலேயே இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டாவது வழி என்ன? அப்புறம், பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டினால் இந்தக் கண் சிமிட்டலே இருக்காதே?

லாஸ்பேட்டை லேப்:

யு.பி.எஸ்ஸில் லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள் சார். டோனரை உருக்கும் ஃப்யூசர் சூடாகும்போது இழுக்கிற கரண்டைச் சின்ன யு.பி.எஸ். தாங்காது. கம்ப்யூட்டர் மட்டும் யு.பி.எஸ்ஸில், பிரிண்டர் நேராகச் சுவர் பிளக்கில்.

இரண்டாவது வழி உங்கள் கடைக்கே சரியானது. ஃபில்டரை எடுத்துவிட்டு, விண்டோஸ் 11-இல் நீக்கிய பிரிண்டரை மறுபடி சேருங்கள், 1020 அதனிடமே இருக்கட்டும். எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கர் பி.டி.எஃப். மட்டும் எழுதட்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட்டைப் பி.டி.எஃப். ஆக மாற்றும் டிஸ்டில்லர் பேஜ்மேக்கர் 7 சிடியுடனேயே வரும். ஷேர்டு ஃபோல்டர் ஒன்று வைத்து அதற்குள் பி.டி.எஃப்பை இறக்கினால், விண்டோஸ் 11-இல் திறந்து அச்சடிக்கலாம். ஷேர்டு ஃபோல்டருக்கு எக்ஸ்பிக்குள் விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டிருக்க வேண்டும், நெட்வொர்க் தேவையில்லை.

இதில் மூன்று இடங்களில் கண் வையுங்கள். எழுத்துரு முதலில். டிஸ்டில்லரின் ஜாப் ஆப்ஷன்ஸில் எல்லா எழுத்துருவையும் எம்பெட் செய் (பி.டி.எஃப்புக்குள்ளேயே சேர்) என்பதை டிக் செய்யுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு. எம்பெட் ஆகாமல் போனால் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் வந்து நிற்கும். பழைய சில எழுத்துருக்கள் எம்பெட் செய்ய அனுமதிக்காது, டிஸ்டில்லர் பிழை காட்டும், அந்த ஃபைலுக்கு மட்டும் முதல் வழியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, அளவு. பி.டி.எஃப். ரீடரில் அச்சடிக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்பது தானாக இருக்கும். அதை உண்மையான அளவு என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் சில மில்லிமீட்டர் சுருங்கும். ஜெராக்ஸுக்கு அது தெரியாது, இரண்டு கலர் பத்திரிகைக்கு இரண்டு மாஸ்டர் எடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று உட்காராது.

மூன்றாவது, டிரேசிங் பேப்பர். விண்டோஸ் 11 டிரைவரில் பேப்பர் வகையைத் தடிமனுக்கு மாற்றுங்கள், அப்போதுதான் டோனர் நன்றாக உருகி ஒட்டும். விரலால் தேய்த்தால் உதிரக் கூடாது. கண்ணாடி பிம்பம் வேண்டுமென்றால் பேஜ்மேக்கரின் பிரிண்ட் பெட்டியில் கலர் பக்கத்தில் உள்ள மிரரை பி.டி.எஃப்புக்காகப் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதும்போதே டிக் செய்துவிடுங்கள்.

திருப்பாப்புலியூர் ஸ்டேஷனரி:

அக்கா, எக்ஸ்பி இன்னும் பயன்படுத்துவது ஆபத்து இல்லையா? கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பென் டிரைவ் கொண்டு வருகிறார்கள்.

லாஸ்பேட்டை லேப்:

நியாயமான கேள்வி. 2014 ஏப்ரல் 8-உடன் எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதனால் மஞ்சக்குப்பம் சார், உங்கள் வி.எம்மில் நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிடுங்கள். உங்கள் வேலை எதற்கும் அது தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் பென் டிரைவை ஒருபோதும் எக்ஸ்பிக்குள் விடாதீர்கள், விண்டோஸ் 11-இல் செருகி, ஸ்கேன் செய்து, வேண்டிய படத்தை மட்டும் ஷேர்டு ஃபோல்டரில் போடுங்கள். பண்ருட்டி ஐயாவுக்கு நெட்வொர்க் கார்டு வேண்டும், அவர் அதை ஹோஸ்ட்-ஒன்லிக்கு மாற்றிக்கொள்ளலாம், இணையம் எட்டாது.

மஞ்சக்குப்பம் டிடிபி:

பி.டி.எஃப். வழியே சென்றுவிட்டேன். இரண்டு கலர் மாஸ்டரையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து விளக்கில் பார்த்தேன், நான்கு மூலையும் சரியாக உட்காருகிறது. ஸ்கிரீன் பிரிண்டிங்காரரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியாக ஒன்று: இந்த வி.எம்மை எப்படிப் பேக்அப் எடுப்பது? ‘தானே’ புயலில் கடைக்குள் தண்ணீர் வந்து பழைய சிடி பாதி போனது. மறுபடி அந்த நிலைமை வேண்டாம்.

லாஸ்பேட்டை லேப்:

வி.எம்மை முழுவதும் ஷட்டவுன் செய்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் கொடுங்கள். ஒரே ஃபைலாக வரும். அதை வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டு, டிஸ்க்கை வீட்டில் வையுங்கள், கடையில் வேண்டாம். வி.எம்மின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பேக்அப் என்று நம்பாதீர்கள், அது அதே டிஸ்க்கில்தான் இருக்கும். ஷேர்டு ஃபோல்டர் வி.எம்முக்கு வெளியே இருப்பதால் எக்ஸ்போர்ட்டில் சேராது, அதைத் தனியாகக் காப்பி எடுக்க வேண்டும். எக்ஸ்பிக்கான 1020 டிரைவர், பேஜ்மேக்கர் சிடியின் இமேஜ், பாமினி எழுத்துரு ஃபைல், மூன்றையும் பக்கத்திலேயே போட்டு வையுங்கள்.

பண்ருட்டி மண்டி:

3 நொடி வைத்தேன் அம்மா, பில் உடனே வருகிறது. பேக்அப்பும் இன்றே எடுத்துவிடுகிறேன்.